அடுப்பு ரெடி... அடுப்படி ரெடியா?

போன மாதம் என் தங்கச்சி போன் பண்ணினாள். "அக்கா, ஒரு வழியா கேஸ் கனெக்ஷன் கிடைச்சிருச்சு. அடுப்பும் வாங்கியாச்சு. வெள்ளிக்கிழமை வந்து மாட்டிக் கொடுக்கிறாங்களாம்" என்று ஒரே சந்தோஷம். "அடுப்படி ரெடியா?" என்று கேட்டேன். "அதுல என்ன ரெடி பண்ண இருக்கு? ஒரு பெஞ்சைப் போட்டு தூக்கி வச்சா வச்சதுதானே" என்று சிரித்தாள்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் 2017-ம் வருஷம் எங்கள் வீட்டில் என்ன நடக்க இருந்தது என்று அவளிடம் கூட அதுவரை முழுசாகச் சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் போனில் சொன்னேன். அதையே நம் சகோதரிகளுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பிளவக்கல் அணைக்குக் கீழே இருக்கிறது. பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணை, இரண்டையும் சேர்த்துத்தான் பிளவக்கல் என்போம். 2025-ல் யாரோ ஒரு தம்பி போட்ட வீடியோவில் பக்கத்துக் கூமாப்பட்டி ஊர் உலகமெல்லாம் பிரபலமாகி, கார் கட்டிக் கொண்டு பார்க்க வந்தார்களே, அந்தப் பக்கம்தான். மேற்கே மலை, கிழக்கே தென்னந்தோப்பும் நெல் வயலும். நான் ராஜபாளையத்துப் பெண். பத்தாவது வரை படித்தேன். 2011-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். அம்மா வீட்டில் கேஸ் அடுப்பு. இங்கே வந்து பார்த்தால் மண்ணால் போட்ட கொடியடுப்பு. முதல் ஒரு மாதம் ஊதாங்குழலை ஊதி ஊதியே எனக்குத் தலை சுற்றும். கண்ணைக் கசக்கிக் கொண்டு வெளியே வந்தால், புதுப்பெண் அழுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள்!

இத்தனைக்கும் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்போடு அடுப்பும் இலவசமாகக் கொடுத்தார்களே, அதில் என் மாமியார் பேருக்கு 2009-ல் வந்தது. அடுப்பு அட்டைப்பெட்டியோடு பரண் மேல். சிலிண்டர் மூலையில். அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி, பித்தளைச் சருவத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஏன் அத்தை மாட்டலை?" என்றேன்.

"அது தீந்து போச்சுன்னா யாரு மாத்துறது? ஒரு சிலிண்டர் காசுல என் வீட்டு உப்பு புளி ஒரு மாசம் ஓடிரும். தோப்புல மட்டையும் பாளையும் மக்கிக் கிடக்கு, அதை விட்டுட்டு காசு கொடுத்து தீயை வாங்கவா?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் விறகுக்கு மலைக்கே போவார்களாம். 1988-ல் அதைச் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவித்த பிறகு அந்தப் போக்குவரத்து குறைந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. மலை விறகு போனாலும் தென்னை மட்டை, பருத்தி மார், சீமைக் கருவேலம் என்று ஏதாவது ஒன்று கிடைத்துக் கொண்டுதான் இருந்தது. காசில்லாமல் கிடைக்கிற விறகை விட்டு வர யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனால் புகைக்கு நாம் வேறு விதமாகக் காசு கொடுக்கிறோம். 2014-ல் என் மாமியாருக்கு இருமல் விடாமல் இழுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யாராவது பீடி குடிக்கிறார்களா? நீங்க குடிப்பீங்களாம்மா?" என்பது. என் மாமியாருக்கு வந்ததே கோபம்! "நான் என்ன அப்படிப்பட்டவளா?" என்று எழுந்தே விட்டார். டாக்டர் சிரித்துக் கொண்டே உட்கார வைத்து, "பீடி குடிக்கிற நெஞ்சும் அடுப்புப் புகை குடிக்கிற நெஞ்சும் ஏறக்குறைய ஒரே மாதிரி கெட்டுப் போகும்மா. நாற்பது வருஷமா நீங்க மூச்சு விட்டதே அடுப்படிப் புகையைத்தானே" என்றார். வீட்டுக்குள் விறகு, கரி, சாணி எரிக்கிற புகையால் உலகத்தில் 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அன்றைக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பீடி என்று கேட்டதுதான் உறைத்தது. பஸ்ஸில் வரும்போதே, "அந்தப் பெட்டியை இறக்குத்தா" என்று சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும். 1980-களில் அரசாங்கம் புகையில்லா அடுப்புத் திட்டம் என்று கொண்டு வந்தது. அதில் எங்கள் தெருவிலும் இரண்டு வீட்டில் குழாய் வைத்த அடுப்பு போட்டுக் கொடுத்தார்களாம். அந்த மாதிரி அடுப்பை 1950-களிலேயே ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற என்ஜினீயர் செய்து காட்டிப் புத்தகமே போட்டிருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் குழாயில் கரி அடைத்தால் யார் ஏறிச் சுத்தம் பண்ணுவது, ஓட்டைப் பிரித்துக் குழாயை வெளியே விட்ட இடத்தில் மழைத்தண்ணீர் ஒழுகினால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. இரண்டு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி, குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையபடி கல்லை வைத்துக் கொண்டார்கள். நாங்களும் அதே தப்பைத்தான் செய்தோம்.

பெட்டியை இறக்கிய மறுநாளே ஆள் வந்தார். எங்கள் அடுப்படி அப்போது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஓட்டு வீடு. பத்துக்கு எட்டு அடி. கூடத்தை விட அடுப்படித் தரை நாலு விரல் பள்ளம். ஒரு மூலையில் கொடியடுப்பு, அதற்கு மேல் விறகு காய்கிற பரண். எதிர் மூலையில் பாத்திரம் கழுவுகிற அங்கணக்குழி. சுவரில் சாமி விளக்கு வைக்கிற மாடாக்குழி. ஓர் ஓரமாக ஃப்ரிட்ஜ். கைக்கு எட்டாத உயரத்தில் ஒரே ஒரு சின்ன சன்னல். ஆக மிச்சம் இருந்த இடம், மண்ணடுப்புக்கும் அங்கணக்குழிக்கும் நடுவில் மூன்று அடி. அங்கே ஒரு மர பெஞ்சைப் போட்டு அடுப்பை வைத்தோம். டியூப் எட்டவில்லை என்று சிலிண்டரை மண்ணடுப்புப் பக்கமாகத் தள்ளி வைத்தார் வந்தவர். பெட்டியில் ஐந்து வருஷமாகக் கிடந்த அதே டியூப். பற்ற வைத்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக் கொண்டு ஐந்து நிமிஷத்தில் போய்விட்டார். பக்கத்தில் விறகடுப்பு இருக்கிறதே, அதை எரிப்பீர்களா என்று அவரும் கேட்கவில்லை. இப்படி வைக்கலாமா என்று நாங்களும் கேட்கவில்லை. நீல நிறத் தீயைப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்து போச்சு.

காலையில் காபி, டிபன் மட்டும் கேஸில். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் பழையபடி விறகில்தான். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

2017 ஐப்பசி. இரண்டு நாளாக அடைமழை. விறகெல்லாம் நனைந்து போய் மண்ணடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை, சாம்பல் ஆறிக் கிடந்தது. இப்போது நினைத்தால் அந்த மழையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பொழுது சாய்கிற நேரம், கரண்ட் இல்லை. குளிருக்கு அடுப்படிக் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். நான் திண்ணையில் பிள்ளைக்குத் தலை சீவிக் கொண்டிருந்தேன். என் மாமியார் மாடாக்குழியில் விளக்கேற்ற, தீப்பெட்டியோடு உள்ளே போனார். கதவைத் திறந்ததும் என் ஐந்து வயது மகள் மூக்கைப் பிடித்துக் கொண்டு, "அம்மா, அழுகின முட்டை நாத்தம்" என்றாள்.

எனக்கு என்ன ஆச்சு என்றே தெரியவில்லை. சீப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அத்தை குச்சியை எடுத்துப் பெட்டியில் வைத்து உரசப் போகிறார். அப்படியே கையைத் தட்டி விட்டு, இழுத்துக் கொண்டு வெளியே வந்தேன். "என்னத்தா, பேய் பிடிச்சவ மாதிரி?" என்று திட்டுகிறார். அவருக்கு எந்த வாடையும் தெரியவில்லை! வருஷக்கணக்கில் புகை குடித்த மூக்கு. அதோடு எப்போதும் ஜலதோஷம். வாடை தெரிந்தால்தானே பயப்பட?

சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக் கொண்டு போய் ரெகுலேட்டரை மூடினேன். பின்கதவைத் திறந்து விட்டேன். அதற்குள் சத்தம் கேட்டுக் கொழுந்தனார் வந்தார். கரண்ட் வந்து ஃப்ரிட்ஜ் தானாக ஓட ஆரம்பித்தால் அதில் வருகிற சின்னப் பொறி போதும் என்று அவருக்குத்தான் தோன்றியது. திண்ணையில் இருந்த மெயினை அணைத்தார். எல்லோரும் மழையில் வேப்பமரத்தடியில் போய் நின்றோம். நாங்கள் வெளியே வந்து கால் மணி நேரத்தில் தெருவில் கரண்ட் வந்து விளக்கெல்லாம் எரிந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்துக் கொண்டே என் வீட்டுக்காரர் வருகிற வரைக்கும் அத்தையும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் வேறு ஒரு வயசான மெக்கானிக் வந்தார். டியூபைக் கழற்றி வளைத்துக் காட்டினார். மண்ணடுப்புச் சூட்டில் ஒரு பக்கம் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. "அடுப்பு மேலயும் தப்பு இல்லை, கேஸ் மேலயும் தப்பு இல்லை தாயி. வைக்கத் தெரியாத இடத்துல வச்சிருக்கீங்க" என்றார். பிறகு அரை நாள் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். அந்த அண்ணாச்சிக்கு ஆயுசு நூறு.

அவர் சொன்னதில் முக்கியமானது இதுதான். விறகுப் புகை மேலே போகும். கேஸ் கீழே போகும். சிலிண்டரில் இருக்கிற கேஸ் காற்றை விட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். நம் பழைய அடுப்படிகள் எல்லாம் புகைக்காகக் கட்டியவை. கூரையில் புகைக்கூண்டு, உயரத்தில் சன்னல். கேஸுக்கு இவை மட்டும் போதாது. எங்கள் வீட்டிலோ தரையே பள்ளம், அதிலும் அங்கணக்குழி வேறு. கேஸ் போய்ப் படுத்துக் கொள்ளப் பாய் விரித்து வைத்த மாதிரி! காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதுமாம். கேஸுக்கு என்று சொந்தமாக வாசனையும் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்ற மருந்தைக் கலக்கிறார்கள். ஆகவே சகோதரிகளே, அந்த நாற்றம் நமக்கு நண்பன்.

அடுப்பை மறுபடி பெட்டியில் கட்டி வைத்தோம். இந்தத் தடவை வீட்டை முதலில் சரி பண்ணுவது, அடுப்பு அப்புறம் என்று முடிவு. மார்கழியில் அடுப்பைப் பெயர்க்கக் கூடாது என்று அத்தை சொன்னதால் கார்த்திகைக்குள் கொத்தனாரைப் பிடித்தோம்.

முதல் வேலை, ஒழிப்பது. பரணைப் பிரித்தோம். அதில் இருந்த விறகு, மண்ணெண்ணெய் டின், பழைய சாக்கு, என் மாமனார் காலத்துக் கோணிப்பை எல்லாம் வெளியே. ஓட்டிலும் வரிச்சட்டத்திலும் பிடித்திருந்த கரியைச் சுரண்டினால் சாக்கு நிறைய வந்தது. அதைப் பார்த்து என் மாமியார், "இதுல பாதி என் நெஞ்சுக்குள்ள இருக்கும்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கரியை அப்படியே விட்டு வெள்ளையடிக்காதீர்கள். முதலில் காய்ந்த வாரியலால் தட்டி, பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த பின் அடித்தால்தான் சுண்ணாம்பு பிடிக்கும். எங்களுக்கு முதல் கோட் உரிந்து விழுந்து பாடம் படித்தோம்.

ஃப்ரிட்ஜ் கூடத்துக்குப் போனது. அடுப்படி சுவிட்சைக் கதவுக்கு வெளியே மாற்றினோம். தரைப் பள்ளத்தை மேடாக்கிக் கூடத்துக்குச் சமமாகச் சிமெண்ட் போட்டோம்.

அடுத்து ஓட்டை. வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு அடிக்கு முக்கால் அடி ஓட்டை போட வேண்டும் என்றதும் கொத்தனார் அண்ணாச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சன்னல் வைக்கச் சொல்லுவாக, புகைக்கூண்டு வைக்கச் சொல்லுவாக. தரையில ஓட்டை போடச் சொல்ற மொத ஆளு நீதாம்மா. பாம்பு வரவா?" என்றார். கம்பி வலை அடித்து வைத்தோம். பாம்பும் வராது, எலியும் வராது. எலி வராமல் பார்ப்பதும் முக்கியம். டியூபைக் கடிப்பதில் அதற்கு அலாதிப் பிரியம். உயரத்தில் இருந்த சன்னலை மேடைக்கு மேல் கைக்கு எட்டும்படி இறக்கினோம். அதற்கு நேர் எதிரே அடுப்பை வைத்தால் காற்றில் தீ அணைந்து கேஸ் வீணாக வெளியேறும் என்பதால் ஒதுங்கினாற்போல் அடுப்புக்கு இடம்.

மேடையில்தான் எனக்கும் கொத்தனாருக்கும் சண்டை. எல்லா வீட்டுக்கும் போடுகிற மாதிரி மூன்றடி உயரம் என்றார். அடுப்பு உயரம், அதற்கு மேல் குழம்புச் சட்டி உயரம் எல்லாம் சேர்ந்தால் என் மாமியார் எட்டிப் பார்த்துத்தான் கிண்ட வேண்டும், சேலைத் தலைப்பு தீயில்தான் விழும். ஒரு பெஞ்சு மேல் அடுப்பு, அதன் மேல் தினம் புழங்குகிற பானை எல்லாம் வைத்து, அத்தையையும் நிற்க வைத்து, முழங்கைக்குக் கீழே பானை விளிம்பு வருகிற மாதிரி அளந்தோம். 29 அங்குலம் வந்தது. ரொம்பவும் இறக்கவும் கூடாது. சிலிண்டர் இரண்டடிக்குச் சற்று மேல் உயரம். அடுப்பு எப்போதும் சிலிண்டர் தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும். மேடைக்குக் கடப்பா கல். கீழே கதவு போட்டு மூடவில்லை. அழகுக்காகக் கதவு போட்டு உள்ளே சிலிண்டரை வைக்கிறார்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் கதவில் மேலும் கீழும் ஓட்டைகள் விட வேண்டும். திறந்து கிடப்பதே உத்தமம். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சுவருக்குள், கல்லுக்கு அடியில் என்று ஒளிக்காமல் முழு டியூபும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் அடுப்படியில் சிலிண்டர் அங்கணக்குழிக்கு எதிர் மூலையில் நிற்கிறது.

எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது. மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பத்து மாதத்தில் அடைத்தேன். இவ்வளவு முடியாதவர்கள் மேடையைப் பின்னால் பார்த்துக் கொள்ளலாம். ஆடாத உறுதியான பெஞ்சு மேல் ஒரு கல் பலகை போதும். ஆனால் தரை ஓட்டையைத் தள்ளிப் போடாதீர்கள். அதற்கு ஒரு நாள் கூலிதான்.

இனிச் சொல்லப் போவதுதான் கஷ்டமான பகுதி. கல்லும் சிமெண்டும் சொன்னபடி கேட்கும். மண்ணடுப்பு? கேஸ் இருக்கிற அறையில் வேறு எந்தத் தீயும் இருக்கக் கூடாது என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுப்பை இடிக்க வேண்டும் என்றதும் என் மாமியார் சாப்பிடாமல் படுத்துவிட்டார். "நான் வந்த அன்னைக்கு என் மாமியா என் கையைப் பிடிச்சு இந்த அடுப்பைப் பத்த வச்சாக. ஏழு பிள்ளைக்குப் பாலு காச்சுனது இதுலதான். அதுல மூணு மண்ணுக்குப் போயிருச்சு. அடுப்பையும் இடிக்கணுமாக்கும்" என்றார்.

எனக்கு அது வரைக்கும் மூன்று பிள்ளைகள் விஷயம் தெரியாது. ஆறு வருஷம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறோம், சொன்னதில்லை. ஒன்று நெஞ்சு இழுத்துத்தான் போனதாம். புகைதான் காரணமோ என்று என் மனசில் ஓடியது. அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. இப்போதும் கேட்க மாட்டேன்.

இரண்டு நாள் நாங்கள் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கொல்லைப்புறம் போய், வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் சாரல் அடிக்காத இடமாகப் பார்த்துத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார். பழைய அடுப்பை இடித்த மண்ணைக் கூடையில் அள்ளி, புது மண்ணோடு குழைத்து, அவர் கையாலேயே அங்கே கொடியடுப்பு போட்டார். மேலே நாலு தகரம். மூன்று பக்கமும் திறப்பு. வெந்நீர், நெல் அவிக்க, கறிக்குழம்பு எல்லாம் அங்கே. புகை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நெஞ்சுக்கு நேரே நிற்காமல் காற்றோடு போய்விடுகிறது.

மாடாக்குழி விளக்குக்கும் இதே மாதிரி ஒரு வாக்குவாதம் உண்டு, அது சீக்கிரம் முடிந்தது. கூடத்துச் சுவரில் பெரிதாக ஒரு மாடம் வைத்துக் கொடுத்ததும், "இங்கனதான் சாமி முகம் தெரியுது" என்று அவரே சொல்லிவிட்டார்.

2018 தைப் பொங்கலுக்குப் பானை கொல்லைப்புற அடுப்பில் பொங்கியது. பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் மெக்கானிக்கை வரச் சொன்னோம். முந்தின நாளே மேடையில் ஒரு சாமான் இல்லாமல் ஒதுக்கி, பிள்ளையைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். புது டியூப் வாங்கினோம், ஆரஞ்சு நிறத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. அதற்கு ஆயுசு ஐந்து வருஷம், அதிலேயே வருஷம் அச்சடித்திருக்கும். 2023-ல் மறக்காமல் மாற்றினேன். அவர் மாட்டி முடித்ததும் நானே ஒரு முறை கழற்றி மாட்டிக் காட்டினேன், அத்தையையும் ரெகுலேட்டரைத் திருகிப் பழக வைத்தேன். மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்தோம். சிலர் தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கிறார்கள், அந்தக் கொடுமையைச் செய்யவே செய்யாதீர்கள்.

சிலிண்டர் வாங்கும்போதும் அவசரம் வேண்டாம். மேல் வளையத்தில் காலி சிலிண்டரின் எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் வருவதுதான் சரியான எடை. எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. வளையத்தின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், இப்படி மூன்று மூன்று மாதம். பி 27 என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியது வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் ஒரு தடவை திருப்பி அனுப்பினேன், கொண்டு வந்த பையன் முணுமுணுத்துக் கொண்டே வேறு கொண்டு வந்தான்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற நம்பருக்குப் போன் பண்ணுங்கள். ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். போனையும் வெளியே வந்த பிறகே எடுங்கள். எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் அந்த நம்பரைக் கரிக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அது அசிங்கமாகத் தெரிகிறதாம். தெரியட்டும்.

அத்தைக்கு இருமல் முழுசாக நிற்கவில்லை. கெட்டது கெட்டதுதான், இனிமேல் கூடாமல் பார்த்துக் கொள்ளலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமுவது மட்டும் குறைந்திருக்கிறது. மூக்கு இன்றும் அப்படியேதான். அதனால் தினமும் படுக்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, என் மகளைக் கூப்பிடுவார். அவளுக்கு இப்போது 13 வயது. "ஏத்தா, அப்பத்தாவுக்கு ஒருக்கா மோந்து பாரு." அவளும் படிக்கிற புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், குனிந்து தரையோடு மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல அப்பத்தா, படுங்க" என்று சொல்லுவாள்.

தங்கச்சி நேற்று மறுபடி போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமை வர இருந்த ஆளைத் தள்ளி வைத்துவிட்டாளாம். கொத்தனார் வந்து, தரையில் ஓட்டையா என்று தலையைச் சொறிந்து கொண்டு நிற்கிறாராம். "நீயே அவர்கிட்ட பேசுக்கா" என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டாள்.